சனி மூலையில் அறுத்த நெல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி எழுத, அவற்றைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. தாகத்தோடேயே எழுந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் அச்சான ஒரு கட்டுரையில் தவறு இருக்கிறது என்று எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தத் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று காட்டக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதைச் செய்தவன் நான்.

குத்தாலம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். கல்லூரிக்காரர்கள் ஆய்வேடுகளை பைண்டிங்குக்குக் கொண்டுவருவார்கள். பக்க எண் வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை. அவ்வளவு பக்கம் அடித்திருக்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். முதலாளி கடையை மூடிய பிறகு ஆறு மாதம் சும்மா இருந்தேன். அப்புறம், பக்கத்து ஊர்களில் நெல் ஆராய்ச்சி செய்ய வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வயல் வேலைக்கு உதவி ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது சிறியவர். நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை அண்ணே என்றார்.

வேலை இதுதான். புதிதாக வந்த ஒரு நெல் ரகம், எங்கள் பக்கம் வழக்கமாகப் போடும் பழைய சம்பா ரகத்தைவிடக் கூடுதலாக விளைகிறதா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டு விவசாயிகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வயலில் புதியதையும் அதற்குப் பக்கத்து வயலில் பழையதையும் நட்டிருந்தார்கள். முற்றியதும் ஒவ்வொரு வயலிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடவேண்டும். சதுரம் வயலில் எங்கே விழவேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்யக்கூடாது. அதற்கான எண்கள் படிவத்தில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை தப்படி, அகலவாக்கில் இத்தனை தப்படி நடந்து, நிற்கிற இடத்தில் முளைக்குச்சியை அடிக்கவேண்டும்.

"வயல் ஒண்ணுதானே மேடம், எங்க அறுத்தா என்ன?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். அவரிடம் நான் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"உங்ககிட்ட விட்டா சேறு இல்லாத எடமாப் பாத்து அறுப்பீங்க. என்கிட்ட விட்டா நல்ல கதிராப் பாத்து அறுப்பேன். ரெண்டு பேரையும் நம்ப முடியாது அண்ணே, அதான் நம்பரு" என்றார். வரப்போரத்துப் பயிருக்குக் காற்றும் வெயிலும் கூடுதலாகக் கிடைக்கும், அது எப்போதும் கொழுத்து நிற்கும், அதை மட்டும் அறுத்தால் வயல் முழுக்க அப்படி விளைந்த மாதிரி கணக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். வயலில் இருக்கும் எந்த இடத்துக்கும் அறுபடுவதற்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கவேண்டும். அதற்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர். அந்தச் சொல்லை அவர்தான் எனக்குச் சொன்னார்.

மதியம் சாப்பிட்ட பிறகு வெயில் இறங்கும் வரை மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்போம். அவர் பையில் எப்போதும் நாலைந்து கட்டுரைகள் அச்செடுத்து வைத்திருப்பார். கையில் சிவப்புப் பேனா. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பார். எனக்காக இல்லை, அப்படிச் சொன்னால்தான் தனக்குப் புரிகிறது என்பார். நான் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"முன்னுரையப் படிச்சு மயங்கக் கூடாது. முடிவுரையப் படிச்சு அழக் கூடாது" என்பார். "நடுவுல பொடி எழுத்துல இருக்கு பாருங்க, எப்படிச் செஞ்சோம்னு. அதான் கட்டுரை. மத்ததெல்லாம் மேளம்."

ஒரு கட்டுரையில் விருப்பம் தெரிவித்த விவசாயிகளை எடுத்துக்கொண்டோம் என்று இருந்தது. "விருப்பப்பட்டு வர்றவன் ஏற்கெனவே நல்லா பயிர் வைக்கிறவன். முடியாதவன் கூட்டத்துக்கே வரமாட்டான்" என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டார். இன்னொன்றில் ஆரம்பத்தில் சொன்ன வயல்களின் எண்ணிக்கையும் அட்டவணையில் இருந்த எண்ணிக்கையும் வேறுவேறாக இருந்தன. ஏன் என்று எங்கேயும் எழுதவில்லை. "மிச்ச வயலக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு போல" என்றார். மூன்றாவது ஒன்றில் சிவப்புப் பேனாவை ரொம்ப நேரம் ஒரே இடத்தில் வைத்திருந்தார்.

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தோங்கறாங்க. ரெண்டையும் ஒரே மாதிரி அளந்தாங்களான்னு பாக்கணும் அண்ணே. ஒருத்தன நிக்க வச்சு அளந்து இன்னொருத்தன உக்கார வச்சு அளந்தா, நின்னவன் ஒசரமாத்தான் தெரிவான்."

"அப்ப இந்தக் கட்டுரை பொய்யுங்களா?"

"பொய்னு சொல்ல முடியாது. நின்னவன் நெசமாவே ஒசரமா இருக்கலாம். இத வச்சு அது தெரியாது, அவ்வளவுதான். நாம சொல்றது அத மட்டுந்தான்."

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. உரக்கடையில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு பசுமையான வயல் படம் இருந்தது. படம் எடுத்தவர் ரோட்டில் நின்றுதான் எடுத்திருக்கவேண்டும், உள்ளே போயிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மேடத்திடம் சொன்னேன். "தேறிட்டீங்க அண்ணே" என்று சிரித்தார். என் நாற்பத்தெட்டாவது வயதில்தான் ஒருவர் என்னைத் தேறிவிட்டதாகச் சொன்னார்.

தை மாதம் புதிய ரகம் முதலில் முற்றியது. பழையதைவிட அது பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே அறுப்புக்கு வந்துவிடும். முதல் அறுப்புக்கு முந்தின நாள் மேடத்துக்குக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நெல் காய்ச்சலுக்காகக் காத்திருக்காது. படிவங்கள் என்னிடம் இருந்தன. "நம்பர் படி செஞ்சிருங்க அண்ணே. உங்கள நம்பித்தான்" என்று போனில் சொன்னார். குரல் கம்மியிருந்தது.

மறுநாள் காலை அறுப்பாட்களான இரண்டு பெண்களோடு முதல் வயலுக்குப் போனேன். தென்மேற்கு மூலையில் நின்று தப்படி எண்ணி உள்ளே இறங்கப் போனபோது வயல்காரர் கூப்பிட்டார். அறுபது வயதுக்காரர். எதிர் மூலையில், வடகிழக்கில், தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னப்பா, எங்க எறங்குற?"

"நம்பர் படி நடுவுல வருதுங்க."

"நடுவுலயா? இந்த வருஷத்து மொத அருவா இது. என் வயல்ல மொத இரும்பு சனி மூலையிலதான் படும். மிஷினு விட்டாக்கூட இங்க அறுத்துட்டுத்தான் உள்ள எறக்குவேன். நீ என்னடான்னா நடு வயித்துல கத்திய வெக்கிறேங்கற."

"கணக்குக்குத்தாங்க..."

"கணக்கு ஒனக்கு. வயலு எனக்கு. வெளங்காமப் போச்சுன்னா ஒங்க மேடமா வந்து சோறு போடும்?"

அறுப்பாட்களில் ஒருத்தி சிரித்தாள். "விடுங்க மாமா. அவரு நம்பரு பாத்துத்தான் பொண்டாட்டி வீட்டுக்கே போவாரு போலருக்கு."

எங்கள் பக்கத்தில் வடகிழக்கைச் சனி மூலை என்பார்கள். நடவு அங்கேதான் தொடங்கும். முதல் கூடை எருவும் அங்கேதான் விழும், வருடா வருடம். ஒரு குடும்பத்தின் வயல்களில் அந்தப் பருவத்துக்கு முதல்முதலாக எந்த வயல் அறுபடுகிறதோ, அதன் சனி மூலையில்தான் அரிவாள் படவேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒரு பிடியை அங்கே அறுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எண் சொன்ன இடத்துக்குப் போய்ச் சதுரம் கட்டியிருக்கலாம். சாமிக்கும் ஆகும், கணக்குக்கும் ஆகும். அது அப்போதே எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு சனி மூலைக்குப் போய், வரப்பை ஒட்டி முளைக்குச்சியை அடித்தேன்.

படிவத்தில் நீளம், அகலம் என்று இரண்டு கட்டங்கள். எண்களுக்குப் பக்கத்தில் சரி என்று குறி போடவேண்டும். போட்டேன்.

சாயந்திரம் மேடம் போன் செய்தார். "நம்பர் படிதானே அண்ணே?"

"ஆமாங்க மேடம்."

இரண்டாவது வயலில் யாரும் எதுவும் சொல்வதற்கு முன் நானே சனி மூலைக்குப் போய்விட்டேன். மூன்றாவதிலும் அப்படியே. பன்னிரண்டு வயலிலும். பன்னிரண்டு பேருக்கும் அதுதான் வருடத்தின் முதல் அறுப்பு. "வெவரம் தெரிஞ்ச ஆளுய்யா" என்று ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

பழைய ரகம் அறுப்புக்கு வந்தபோது மேடம் திரும்பியிருந்தார். மெலிந்து, குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நடந்தார். முதல் அரிவாள் முடிந்துபோன வயல்காரர்களுக்கு இனி எங்கே அறுத்தாலும் கவலை இல்லை. பலர் வரக்கூட இல்லை. மேடம் எண்ணைச் சொல்ல, நான் தப்படி வைத்து, சரியாக அந்த இடத்தில் சதுரம் கட்டினேன். சில இடங்களில் பயிர் சாய்ந்திருந்தது. ஓரிடத்தில் எலி வெட்டியிருந்தது. "அதான் வயல். எங்க விழுதோ அங்கதான்" என்றார் மேடம். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்திருக்கலாம். நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேடம் பட்டம் வாங்கி, தொலைவில் ஒரு கல்லூரியில் வேலைக்குப் போய்விட்டார். நான் ஒரு அரிசி மண்டியில் ரசீது எழுதப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் வந்தது. "அண்ணே, நம்ம கட்டுரை வந்துருச்சு! கடைசிப் பக்கம் பாருங்க, உங்க பேரு."

கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. பார்த்தேன். பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடி முன்னுரையை விட்டு, முடிவுரையை விட்டு, நடுவில் பொடி எழுத்துக்குப் போனேன். போனில் ஒவ்வொரு வரியாகப் படம் பிடித்தால் தமிழில் மாற்றித் தருகிறது. பாதி சரியாக வருகிறது. எல்லா வயல்களிலும் அறுப்புச் சதுரம் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று இருந்தது. இரண்டு ரகங்களும் ஒரே முறையில் அளக்கப்பட்டன என்று இருந்தது. அது சரியாக வந்ததா என்று திரும்பப் படம் பிடித்துப் பார்த்தேன். திரும்பவும் அதுவே வந்தது.

புதிய ரகம் கூடுதலாக விளைகிறது என்பது கட்டுரையின் முடிவு.

ஒன்றை நிற்க வைத்து அளந்திருக்கிறேன். ஒன்றை உட்கார வைத்து. எதிர் வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் நான் போனைக் கீழே வைத்தேன். பயமா, வருத்தமா என்று கேட்டால் இரண்டும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும். அப்படி இருந்தது. மேடத்துக்குக் கைகூப்பும் படம் இரண்டு அனுப்பினேன். பிறகு குளிக்கப் போனேன்.

ஐந்து மாதம் நான் எதுவும் செய்யவில்லை. ஒரு கட்டுரை எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்தேன்.

ஆவணியில் ஒரு நாள் சாயந்திரம் அக்கா போன் செய்தாள். அக்காவுக்குக் கீழ்வேளூரை அடுத்த ஒரு கிராமம். ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். அத்தான் இறந்த பிறகு இரண்டு ஏக்கரை அக்காவே பார்த்து வருகிறாள். இரண்டு வருடமாக விளைச்சல் சரியில்லை. இந்த சம்பாவும் தவறினால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டில் போய் இருக்கவேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இருக்க அவளுக்கு மனமில்லை.

"டேய், ஒன் போட்டோ வந்துருக்குடா!" என்றாள். "இங்க விவசாயிங்க கூட்டத்துல ஒரு தாள் குடுத்தாங்க. புது ரகம், ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சுன்னு போட்டுருக்கு. நீ கயிறு புடிச்சிக்கிட்டு நிக்கிற. நான் எல்லார்கிட்டயும் காமிச்சிட்டேன்."

"ம்" என்றேன்.

"அதான் போடப்போறேன் இந்த வருஷம். ரெண்டு ஏக்கரும். வெதைக்குச் சொல்லியாச்சு. பழசு வெதநெல்லு மூணு மூட்ட கெடக்கு, அத ஏன் வச்சிக்கிட்டு எலிக்குப் போடணும்? வியாழக்கிழம மில்லு வண்டி வருது, அரைச்சி அரிசியாக்கிடப் போறேன்."

பழைய ரகத்தில் அக்கா வீட்டு விதை தனி. வருடா வருடம் நல்ல கதிராகத் தேர்ந்து, காயவைத்து, நொச்சித் தழை போட்டுச் சாக்கில் கட்டி வைப்பாள். மழையில் பத்து நாள் தண்ணீர் நின்றாலும் அந்தப் பயிர் அழுகாது. மற்றவர்கள் எல்லோரும் கடை விதைக்கு மாறிவிட்டார்கள். அரைத்துவிட்டால் அந்த விதை அத்தோடு முடிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

போனை வைத்த கையோடு மேடத்தைக் கூப்பிட்டேன். யோசித்திருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

"மேடம், அந்தப் புது ரக அறுப்பு... நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. நம்பர் படி செய்யலைங்க. சனி மூலையிலயே அறுத்துட்டேன்."

"எத்தன வயல் அண்ணே?"

"பன்னெண்டும்."

"வரப்ப ஒட்டியா?"

"ஆமாங்க."

"பழச அறுத்தப்ப நான் இருந்தேன்." அதற்கு மேல் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. "ஒண்ண நிக்க வச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "ஊரான் கட்டுரையெல்லாம் சிவப்புப் பேனா வச்சுக் கிழிச்சேன். நம்ம ஃபாரத்துல பன்னெண்டு டிக்கு, ஒரே மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. அதப் பாத்தே கேட்டுருக்கணும் நான்" என்றார்.

"தப்பு என்னுதுங்க."

"இப்ப ஏன் சொல்றீங்க அண்ணே? ஏன் அப்பவே சொல்லல?"

அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. பத்திரிகைக்கு எழுதுவதாகச் சொன்னார். முதலில் தன் பேராசிரியரிடம் சொல்லவேண்டும், மாதக்கணக்கில் ஆகும், தன் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை என்றார். அழுத மாதிரி இல்லை. ஒரு கட்டுரையைப் படித்துச் சொல்கிற குரலில்தான் சொன்னார். "அது என் பாடு. உங்க அக்காகிட்ட நான் போன்ல சொன்னா யாரோ ஒருத்தி சொல்றதா இருக்கும். அளந்தது நீங்க. நீங்களே போங்க. நேராச் சொல்லுங்க."

புதன்கிழமை மண்டிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாயவரத்தில் மாறி, திருவாரூரில் மாறி, கீழ்வேளூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வழி முழுக்க சொல்லவேண்டியதை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றே வாக்கியம்.

"வாடா சயின்டிஸ்ட்டு!" என்று அக்கா வாசலிலேயே கத்தினாள். மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். உள்ளே காலண்டர் மாட்டிய ஆணியில் அந்தத் தாளையும் குத்தி வைத்திருந்தாள். வண்ணப் படம். கயிற்றைப் பிடித்துக் குனிந்திருக்கிறேன், பாதி முகம் தெரிகிறது. பின்னால் ஒரு ஒற்றைப் பனை. அந்தப் பனை பழைய ரக வயலின் வரப்பில் நிற்பது. மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எடுத்த படம்.

"இந்தப் போட்டோவுல இருக்கிறது புது ரகம் இல்லக்கா. ஒன் ரகம்."

"போட்டோவுல என்ன ரகம் தெரியுது? நீதான் தெரியற. சாப்புடு."

சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னேன். மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். புது ரகத்தை நல்ல மூலையில் அறுத்தேன். பழையதை எங்கே விழுந்ததோ அங்கே அறுத்தேன். அதனால் அந்தத் தாளில் இருப்பதை நம்பாதே.

அக்கா என்னையே பார்த்தாள். "சனி மூலையில அறுக்காம வேற எங்க அறுப்பாங்க? மொத அருவாடா. சரியாத்தான பண்ணிருக்க."

"கணக்குக்கு அது தப்புக்கா."

"அப்ப அந்த ரகம் மோசமா?"

"மோசம்னு சொல்லல."

"நல்லா வெளையாதா?"

"தெரியாது. வெளையலாம். நான் அளந்தத வச்சுச் சொல்ல முடியாது."

"தெரியாதுங்கறதச் சொல்றதுக்கா மூணு வண்டி மாறி வந்த?" அவள் சிரித்தாள். கோபமாகச் சிரிக்கவில்லை, பாசமாகத்தான். "நீ சின்னதுலேர்ந்து இப்படித்தான். பள்ளிக்கூடத்துல ஒன் கையெழுத்த எல்லாரும் மெச்சுவாங்க, நீ கோணையா இருக்கும்ப. ஒன் கல்யாணத்துலகூடப் பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்லி மானத்த வாங்குன. நீ செஞ்சது எதயாவது நல்லாருக்குன்னு ஒரு தடவ சொல்லிருக்கியா? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பாத்துத்தான அச்சுப் போட்டுருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அவங்க மூலைக்கு வரலக்கா."

"சரிடா, சரி."

குத்தாலம் பக்கம் போர் தண்ணீர் இருக்கிறது, இங்கே கடைமடை, மழைத் தண்ணீர் நிற்கும், அந்த வயலும் இந்த வயலும் ஒன்றில்லை என்றேன். தாளை வாசிக்கிற மாதிரி சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில், ஒரு மூட்டையாவது அரைக்காமல் வை என்றேன்.

கொல்லைப்புறத்திலிருந்து அவள் குரல் வந்தது. "அதயும் யோசிச்சேன். வேண்டாம். மனசுல ஒண்ணு வச்சிக்கிட்டு வயல்ல ஒண்ணு போட்டா எதுவும் வெளங்காது. ஒன்ன நம்பித்தாண்டா எறங்குறேன். என் தம்பி அளந்தது."

சத்தமாகப் பேசத் தெரிந்த ஒருவன் அப்போது சத்தம் போட்டிருப்பான். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பான். நான் அந்த மூன்று மூட்டைகளைப் பார்த்தேன். சாக்கின் வாயிலிருந்து காய்ந்த நொச்சி நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி இருந்துவிட்டு நாளைக்குப் போ என்று அக்கா சொன்னாள். இருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மில் வண்டி வந்தது. டிரைவர் மட்டும்தான் வந்திருந்தான், தூக்க ஆள் இல்லை. மூன்று மூட்டைகளையும் நான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டேன். சாயந்திரம் அரிசியாக வந்தது. தவிட்டைத் தனிச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா எனக்கு ஒரு பை அரிசி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸில் வந்தேன்.